பன்னிரண்டு பேரும் ஒரு பனிமலையும்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விளையாட்டுக்கென்றே அமைத்த தடங்கள் உண்டு. இயந்திரங்களைக் கொண்டு பனியை அழுத்திச் சமப்படுத்தியிருப்பார்கள். பனிச்சரிவு அபாயம் இருந்தால் தடத்தை மூடிவிடுவார்கள். ஆனால் இந்தத் தடங்களை விட்டு விலகி, யார் காலும் படாத புதுப்பனியில் சறுக்கிச் செல்வதில்தான் பலருக்கு ஆசை. அங்கே பனியை அழுத்துவாரும் இல்லை, எச்சரிக்கைப் பலகை வைப்பாரும் இல்லை. ஆகவே பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவரை அழைத்துச் செல்வது வழக்கம்.

வழிகாட்டியின் தொழில் அங்கே மிகப் பழமையானது. 1820ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ரஷ்யப் பேரரசரின் பணியிலிருந்த ஜோசப் ஹாமெல் என்ற அறிஞரின் குழு, பிரான்சிலுள்ள சாமொனி ஊரிலிருந்து மோன் பிளான் சிகரத்தை நோக்கி ஏறியது. புதுப்பனி படிந்த ஒரு சாய்வை அவர்கள் கடக்கையில் பனி உடைந்து சரிந்தது. மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவுக்குள் தள்ளப்பட்டு மாண்டனர். மறு ஆண்டே, 1821இல், சாமொனி வழிகாட்டிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அது இன்றும் இயங்கி வருகிறது. மாண்டவர்களின் உடல் எச்சங்கள் 1861இல், பனியாறு மெல்ல மெல்ல நகர்ந்து வந்து, மலையடிவாரத்தில் வெளிப்பட்டன. பனியாற்றின் வேகத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற இயற்பியலார் இவ்வாறு நிகழும் என்று முன்பே கூறியிருந்தார்.

இப்போது ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் ஒரு வழிகாட்டியிடம் வந்து, "எங்களைத் தடத்துக்கு வெளியே அழைத்துச் செல்லுங்கள்" என்கிறார்கள். அவர் என்னென்ன எண்ணிப் பார்க்க வேண்டும்? வியப்பாக இருக்கலாம், அவர் எண்ணிப் பார்ப்பவற்றுள் பெரும்பகுதி உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

முப்பது பாகையின் இரகசியம்

சாய்தளத்தில் வைத்த மரக்கட்டை எப்போது சறுக்கத் தொடங்கும்? சாய்வுக் கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்பு, உராய்வுக் குணகத்தை விஞ்சும்போது. பனிக்கும் இதுவே விதி. உடைந்த பனி அடுக்கு ஒன்று மற்றொன்றின் மேல் சறுக்கும்போது உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.57 என்று அளந்திருக்கிறார்கள். எந்தக் கோணத்தின் டேன்ஜன்ட் 0.57? மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ 30 பாகை!

ஆகவே 30 பாகைக்குக் குறைந்த சாய்வில் பனி உடைந்தாலும் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு மேல் சரியும். 50, 55 பாகைக்கு மேற்பட்ட செங்குத்தான இடங்களிலோ, பனி தங்காமல் அவ்வப்போது சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுவதால் பெருந்திரளாகச் சேர்வதில்லை. இடைப்பட்ட 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வுகளே கொலைகாரச் சாய்வுகள். சறுக்குவோருக்கு மிகுந்த இன்பம் தருவனவும் அவையே என்பதுதான் சங்கடம்.

வழிகாட்டி முதல் நாள் மாலையே வரைபடத்தை விரித்து வைத்து, சமவுயரக் கோடுகள் எங்கே நெருங்கியிருக்கின்றன என்று பார்த்துச் சாய்வைக் கணக்கிடுவார். தாம் செல்லும் பாதையின் சாய்வை மட்டும் பார்த்தால் போதாது. தலைக்கு மேலே இருக்கும் சாய்வையும் பார்த்தாக வேண்டும். ஏன் என்பதைச் சற்றுப் பொறுத்துக் காண்போம்.

பனிக்குள்ளே என்ன இருக்கிறது?

மலைமேல் கிடக்கும் பனி ஒரே பொருள் அன்று. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. நம் வீட்டுப் பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல் அவை கிடக்கின்றன. அவற்றுள் ஓர் அடுக்கு நலிந்திருந்தால் போதும், அதற்கு மேலுள்ளவை அனைத்தும் அபாயத்தில் இருக்கின்றன.

நலிந்த அடுக்கு எப்படி உண்டாகிறது? பனிக்கு அடியில் தரையின் வெப்பநிலை ஏறத்தாழ 0 பாகை செல்சியஸ். மேற்பரப்பின் வெப்பநிலை, எடுத்துக்காட்டாக, −12 பாகை என்போம். பனியின் ஆழம் 2 மீட்டர் என்றால் வெப்பநிலை மீட்டருக்கு 6 பாகை வீதம் மாறுகிறது. ஆழம் 60 சென்டிமீட்டர்தான் என்றால் மீட்டருக்கு 20 பாகை! இந்த வீதம் 10 பாகைக்கு மேல் போனால், அடியிலிருக்கும் பனி பதங்கமாகி ஆவியாக மேலேறி, மேலுள்ள துகள்களின் மீது மீண்டும் படிகிறது. ஒன்றோடொன்று ஒட்டியிருந்த துகள்கள் கோணமுனைகள் கொண்ட பெரிய படிகங்களாக மாறிவிடுகின்றன. கையில் எடுத்தால் சர்க்கரை போல் உதிரும். பனி குறைவாக இருந்தால் அபாயமும் குறைவு என்று நாம் நினைப்போம். ஆனால் பனி குறைந்த ஆண்டில்தான் இந்தச் சர்க்கரை அடுக்கு மிகுதியாக உருவாகிறது.

மற்றொரு வகையும் உண்டு. மேகமற்ற இரவில் பனியின் மேற்பரப்பு வெப்பத்தைக் கதிர்வீசி மிகவும் குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள நீராவி அதன்மேல் இறகு போன்ற படிகங்களாகப் படியும். காலையில் காண அழகாக இருக்கும். மறுநாள் அதன்மேல் புதுப்பனி விழுந்தால், அந்த அழகே ஒரு பொறியாக மாறிவிடும்.

நலிந்த அடுக்கின்மேல் காற்றால் இறுகிய பனி பலகை போல் கிடக்கிறது. சறுக்குபவரின் எடை அந்தப் பலகையின் வழியே கீழே இறங்குகிறது. நலிந்த அடுக்கில் ஓரிடம் நொறுங்கினால், நொறுங்கல் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் நாற்புறமும் பரவும். சில வேளைகளில் 'வுமப்' என்று காலடியில் ஓர் ஓசை கேட்கும். பனி அடுக்கு அப்படியே அமுங்கும் ஓசை அது. சமதளத்தில் நிற்கும் ஒருவர் கிளப்பிய நொறுங்கல், பரவிச் சென்று, தலைக்கு மேலுள்ள சாய்வை உடைத்துவிடுவதும் உண்டு. மேலே உள்ள சாய்வையும் பார்க்க வேண்டும் என்றது இதனால்தான்.

உடைந்து வரும் பலகையின் எடை எவ்வளவு? 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமன் என்று கொள்வோம். கன அளவு 1,250 கன மீட்டர். அடர்த்தி கன மீட்டருக்கு 200 கிலோகிராம் என்றால் எடை 250 டன்! பனிச்சரிவில் சிக்கி உயிரிழப்போரில் பத்தில் ஒன்பது பேரின் நிகழ்வில், அந்தச் சரிவைக் கிளப்பியது அவரோ அவருடைய குழுவினரோதான்.

கூட்டம் கூடினால் என்ன ஆகும்?

நலிந்த அடுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவு நலிந்திருப்பதில்லை. ஒருவர் தம் வழியில் செல்லும்போது நலிந்த புள்ளியைத் தொட நூற்றில் ஒரு வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேரும் தனித்தனி வழியில் சறுக்கினால், எவருமே அதைத் தொடாமலிருக்கும் வாய்ப்பு 0.99இன் பன்னிரண்டாம் அடுக்கு, அதாவது 0.886. ஆக, யாரேனும் ஒருவர் தொட்டுவிடும் வாய்ப்பு நூற்றில் பதினொன்றுக்கு மேல். முன்னே பத்துப் பேர் பத்திரமாகப் போனார்கள் என்பதால் பதினோராவது ஆளுக்குப் பாதுகாப்பு உறுதியாகிவிடாது.

வெர்னர் முண்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி 1990களில் இதற்கொரு எளிய கணக்கை வகுத்தார். ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை ஐந்து படிகளாக அறிவிக்கின்றன. முண்டர் ஒவ்வொரு படிக்கும் அபாய எண் ஒன்றைத் தந்தார்: 1ஆம் படிக்கு 2, 2ஆம் படிக்கு 4, 3ஆம் படிக்கு 8. படி ஒன்று ஏறினால் அபாயம் இரட்டிக்கிறது என்பது பொருள். நாம் மேற்கொள்ளும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு குறைப்பு எண் உண்டு. மிகச் செங்குத்தான பகுதி 40 பாகைக்குக் குறைவு எனில் 2. 35 பாகை அளவில் எனில் 3. அதனினும் குறைவு எனில் 4. பெரிய குழு இடைவெளி விட்டுச் சென்றால் 2. நான்கு பேருக்கு மிகாத சிறு குழு இடைவெளி விட்டுச் சென்றால் 3. வடக்கு நோக்கிய சாய்வுகளைத் தவிர்ப்பது போன்றவற்றுக்கும் எண்கள் உள்ளன. அபாய எண்ணைக் குறைப்பு எண்களின் பெருக்கற்பலனால் வகுத்தால், விடை 1 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும்.

நம் பன்னிரண்டு பேருக்கு வருவோம். அன்று அபாயம் 3ஆம் படி, எண் 8. சாய்வு 35 பாகை. இடைவெளி விட்டு அனைவரும் ஒரே குழுவாகச் சென்றால் 8 ÷ (3 × 2) = 1.33. கூடாது! மூன்று மூன்று பேராக நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிகாட்டியை அமர்த்தினால் 8 ÷ (3 × 3) = 0.89. போகலாம். அல்லது ஒரே குழுவாக, 35 பாகைக்குக் குறைந்த சாய்வைத் தேர்ந்தால் 8 ÷ (4 × 2) = 1. அதுவும் ஏற்கத்தக்கதே. விடை 1 என்றால் அபாயமே இல்லை என்பதன்று. பொறுத்துக்கொள்ளத்தக்க எல்லைக்குள் வந்துவிட்டது என்பதே. ஆல்ப்ஸ் பனிச்சரிவு உயிரிழப்புகளில் ஏறத்தாழ பாதி இந்த 3ஆம் படியில்தான் நேர்கின்றன என்பதை மறக்கலாகாது.

பெரிய குழுவுக்கு நேரமும் ஒரு சிக்கல். அபாயமான சாய்வில் ஒருவர் இறங்கி முடித்த பின்னரே அடுத்தவர் புறப்பட வேண்டும். ஒருவருக்கு 2 நிமிடம் என்றால் பன்னிரண்டு பேருக்கு 24 நிமிடம். இப்படி ஐந்து சாய்வுகள் என்றால் இரண்டு மணி நேரம். வசந்த காலத்தில் காலையில் இறுகிக் கிடக்கும் பனி, வெயில் ஏற ஏற இளகி நீர் கசிந்து வலுவிழக்கும். ஆகவே புறப்படும் நேரத்தைக் குழுவின் தொகையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

முப்பது நிமிடம்

இவ்வளவும் செய்தும் ஒருவர் புதைந்துவிட்டால்? பத்து நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். முப்பது நிமிடம் ஆகிவிட்டால் பத்தில் மூன்று பேரே. மூச்சுத் திணறலே காரணம். வெளியிலிருந்து மீட்புப் படை வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. உடனிருக்கும் குழுவே மீட்புப் படை!

இதற்காக ஒவ்வொருவரும் மார்பில் ஒரு சிறு வானொலிக் கருவியை அணிகிறார்கள். அது 457 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் விட்டுவிட்டுத் துடிக்கிறது. இதன் அலைநீளம் ஏறத்தாழ 656 மீட்டர். தேடும் தொலைவோ சில பத்து மீட்டர்தான். அலைநீளத்தைவிட இவ்வளவு அருகில் இருக்கும்போது, கருவி ஒரு சட்டக் காந்தம் போலவே நடந்துகொள்கிறது. அதன் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 40 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வந்தால் குறியீடு 8 மடங்காகும்; 5 மீட்டருக்கு வந்தால் 512 மடங்காகும். தேடுபவரின் கருவி காட்டும் அம்புக்குறி நேர்கோட்டில் அழைத்துச் செல்லாது. சட்டக் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரையும் வளைகோட்டின் வழியேதான் அழைத்துச் செல்லும்.

விபத்து நேர்ந்ததும் மற்றவர்கள் தம் கருவியை அனுப்பும் நிலையிலிருந்து வாங்கும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் தேடுவோர் அவரையே தேடி வருவார்கள்! எனவே புறப்படும் முன் வழிகாட்டி பன்னிரண்டு பேரின் கருவிகளையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பார். கருவி இடத்தைக் காட்டிய பின் நீண்ட கோலால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்ட வேண்டும். ஒன்றரை கன மீட்டர் தோண்டினால், இறுகிய பனி 600 கிலோகிராம் அளவு இருக்கும். இங்கேதான் பெரிய குழுவுக்கு ஒரு நன்மை: கைகள் அதிகம். ஆனால் பதினொரு பேரும் வெளியே இருந்தால்தானே அந்தக் கைகள் உதவும்? ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே சாய்வில் இருக்க வேண்டும் என்ற விதியின் தலையாய காரணம் இதுவே.

கணக்குக்கு அடங்காத ஒன்று

அமெரிக்காவில் இயான் மெக்கமன் என்பவர் 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004இல் எழுதினார். பலர் அபாயக் குறிகள் கண்ணெதிரே இருந்தும் சென்றிருக்கிறார்கள். 'பழகிய இடம்தானே', 'பிறர் நமக்குமுன் போய்விடுவார்களே', 'தலைவருக்குத் தெரியாதா' என்ற எண்ணங்களே அவர்களை இழுத்துச் சென்றன. குழு பெரிதானால், 'எனக்கு ஐயமாக இருக்கிறது' என்று வாய் திறப்பது இன்னும் கடினம். ஆகவே நல்ல வழிகாட்டி எங்கே திரும்ப வேண்டும் என்பதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவார்; யார் கேள்வி கேட்டாலும் நின்று பதில் சொல்வார்.

இது ஏதோ ஐரோப்பியரின் பொழுதுபோக்குதானே என்று எண்ண வேண்டாம். காஷ்மீரின் குல்மார்க்கிலும் இத்தகைய சறுக்கல் நடக்கிறது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் சிக்கி மாண்ட பத்து வீரர்கள் மதராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்தவர்கள். தமிழகத்து இளைஞர்களும் அவர்களுள் இருந்தார்கள். பனியைக் காணாத ஊர்களில் பிறந்தோரும் பனியின் இயல்பை அறிய வேண்டிய தேவை இருக்கிறது.

செய்து பாருங்கள்

உப்புத்தாள் ஒட்டிய பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் அரிசிமாவை இரண்டு விரற்கடைத் தடிமனுக்குப் பரப்பி, மெல்ல அழுத்துங்கள். பலகையின் ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, மாவு எந்தக் கோணத்தில் சரிகிறது என்று பாகைமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மாவுக்கு அடியில் சர்க்கரையை ஒரு மெல்லிய அடுக்காகத் தூவிவிட்டு அதையே செய்யுங்கள். இரு கோணங்களையும் ஒப்பிடுங்கள். சரியும் மாவின் மேற்பரப்பையும் கவனியுங்கள். இரண்டு முறையும் அது ஒன்றுபோலவே வெண்மையாக, அமைதியாகத்தான் இருந்திருக்கும்.