விலைமதிப்பாளரும் நடுவுநிலைமையும்

காணியொன்றின் பெறுமதியை ஆராய்ந்தறிதல் எளிய செயலன்று. அதனினும் அரிது, கண்டறிந்ததை எவர் முகத்துக்கும் அஞ்சாது எழுதுதல். கடன் கொடுப்போர் விரும்பிய தொகையை எழுதாத விலைமதிப்பாளர் தம் தொழிலையே இழக்க நேரின் விளைவது யாதென்பதை ஈண்டு ஆராய்வாம்.

நம் முன்னோரிடை வழங்கிய ஒற்றிமுறையில் இவ்விடர் பெரிதும் எழவில்லை. 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் அம்முறை இடம்பெற்றுள்ளது. ஒற்றி பெற்றவன் காணியைத் தானே கையேற்று, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை நுகர்ந்தான். ஆதலின் மண்ணின் தன்மையையும், பனைகளின் தொகையையும், கிணற்றுநீரின் சுவையையும் அறிந்தே பணம் கொடுத்தான். இக்கால வங்கியோ காணியைக் காண்பதில்லை. விலைமதிப்பாளரின் அறிக்கையையே காண்கின்றது. அவரே வங்கியின் கண் எனலாம்.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகப் பகுதிகளில் இப்பணி மேலும் கடினமானது. போர்க்காலத்தில் மக்கள் பலர் இடம்பெயர்ந்தனர். உரிமையாளர் பலர் கடல்கடந்து வாழ்கின்றனர். விற்பனை அருகிய இடத்தில் ஒப்புநோக்குதற்குரிய விலைகளும் அருகியே கிடைக்கும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் கணக்கு மாறாது. ஆனால் நன்னீர்க் கிணறுள்ள பரப்பும் உவர்நீர்க் கிணறுள்ள பரப்பும் ஒரு விலை பெறா. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு சென்று நேரிற் கண்டவர் எழுதிய அறிக்கையை, காணியைக் காணாத ஒருவர் யாழ்நகர் விலையோடு ஒப்பிட்டுப் பிழையெனத் தள்ளுதல் மீளாய்வு ஆகாது.

நேர்மையான மதிப்பாளரை ஒதுக்குவதால் நேரும் கேட்டினை ஐக்கிய அமெரிக்காவின் அண்மை வரலாறு காட்டுகின்றது. கடன் நிறுவனங்கள் மிகைவிலை எழுதும்படி நெருக்குகின்றன என்றும், இணங்காதோரைக் கறுப்புப் பட்டியலிற் சேர்க்கின்றன என்றும் முறையிட்ட விண்ணப்பம் ஒன்று 2000 முதல் 2007 வரை அங்கே சுற்றுக்கு விடப்பட்டது. அதில் 11,000 மதிப்பாளர் கைச்சாத்திட்டனர். அக்குரல் உரிய காலத்தில் பயன்தரவில்லை. வீட்டுவிலைகள் வீழ்ந்து, 2008இல் நிதி நெருக்கடி உலகெங்கும் பரவியது. அதன் பின்னரே, 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஒழுக்கக் கோவை, தக்க சான்றுடன் எழுத்தில் அறிவியாது மதிப்பாளரைப் பட்டியலிலிருந்து நீக்கலாகாது என விதித்தது. மதிப்பாளரை வற்புறுத்துவதை 2010ஆம் ஆண்டின் டொட்-பிராங்க் சட்டம் தடைசெய்தது.

திறமையற்றவரை விலக்கும் உரிமை வங்கிக்கு இல்லையோ எனின், உண்டு. பிழையை நாடும் மீளாய்வு நன்று. விரும்பிய தொகையை நாடும் மீளாய்வு தீது. இரண்டையும் பிரித்தறிய உதவுவது எழுத்தில் தரப்படும் காரணமேயாம். மதிப்பாளரும் சினந்து மறுமொழி கூறாது, அளவு, ஒப்புவிலை, நிழற்படம் ஆகியவற்றைக் காட்டி எழுத்திலேயே விடையளித்தல் வேண்டும். பிணக்குத் தீராவிடின் தொழிலறிந்தோர் அதனை ஆராய்தல் முறை. 1975ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை விலைமதிப்பாளர் நிறுவகம் போன்ற தொழிற்சபைகள் இதற்குத் துணைபுரியலாம்.

இஃது இருசாரார்க்கு மட்டும் உரிய வழக்கன்று. மிகைவிலையை நம்பி மிகைக்கடன் பெற்றவன், காணி ஏலத்திற் போனபின்னும் கடனாளியாகவே நிற்பான். தந்தைவழி வந்த நிலமும் போய்க் கடனும் எஞ்சுதல் ஒரு குடும்பத்துக்குப் பெருந்துயர். ஆகவே மதிப்பாளரின் நடுவுநிலைமையைக் காத்தல் ஏழைக் குடியானவனின் காணியைக் காத்தலேயாம் என்பது துணிபு.