எர்ரர் வராத தவறுதான் ஆபத்து

ஒரு ஷெல்ஃப் தாங்கி எவ்வளவு எடை தாங்கும் என்று, அதைச் செய்வதற்கு முன்பே கணக்கிட்டுக் காட்டுபவை சிமுலேஷன் சாப்ட்வேர்கள். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் மூலம் வீட்டிலும் இதைச் செய்யலாம். கணக்கிடும் முன் மாடல் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். இதற்கு மெஷ் என்று பெயர். மெஷ் உருவாகாமல் எர்ரர் வந்தால், பெரும்பாலும் கோளாறு மாடலில்தான் இருக்கும். நான் சரிபார்க்கும் வரிசை இதோ:

1. பார்ட் பகுதியில் மாடலைத் தேர்ந்தெடுத்து 'செக் ஜியாமெட்ரி' கொடுங்கள். மூடாத பரப்பு, ஒன்றையொன்று வெட்டும் பரப்பு போன்ற கோளாறுகள் பட்டியலாகத் தோன்றும். வரியில் கிளிக் செய்தால் அந்த இடம் மாடலில் தெரியும்.

2. பொறித்த எழுத்து போன்ற நுண்ணிய அலங்காரங்களை நீக்குங்கள். சுமை தாங்கும் உள்மூலையின் வளைவை மட்டும் நீக்காதீர்கள்.

3. நீளத்தை அளந்து பாருங்கள். எஸ்டிஎல் பைலில் அலகு பதிவாவதில்லை. மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலம் என்று திறந்தால் மாடல் 25.4 மடங்கு பெரிதாகும். அதே எடைக்குத் தகைவு சுமார் 645-ல் ஒரு பங்காகக் குறையும். எர்ரர் எதுவும் வராது. உடையக்கூடிய தாங்கியும் பத்திரமானதாகத் தெரியும். அலகையும் சேர்த்து வைக்கும் ஸ்டெப் பைல் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

வண்ணப் படம் வந்துவிட்டதாலேயே விடை சரி என்று நம்பிவிடாதீர்கள்.