நம் வீட்டுக் கணக்கு – 9: கையெழுத்து உங்களுடையது

கூத்தாநல்லூரில் நல்ல வீடுகளுக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூர், மலேசியா என்று தொடங்கி வளைகுடா நாடுகள் வரை போன சபுராளிகளின் உழைப்பு, தலைமுறை தலைமுறையாகச் சுவராகவும் தளமாகவும் எழுந்து நிற்கும் ஊர் அது. வீட்டுக்காரர் கடல் கடந்து இருப்பார். கட்டடம் இங்கே உறவினர் மேற்பார்வையில் எழும். "நீயே பார்த்துக் கட்டிடு மச்சான்" என்று ஒரு போன் பேச்சு. அதோடு பாதி முடிவுகள் கொத்தனார் கைக்கும், மீதி பிளான் போடுபவர் கைக்கும் போய்விடும். இத்தனை பேரில் கட்டட விதியை ஒருமுறையாவது புரட்டிப் பார்த்தவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வராது.

முன்பெல்லாம் அதனால் பெரிய கேடில்லை. நகராட்சியில் யாரோ ஒருவர் வரைபடத்தைப் பார்ப்பார், மனையை வந்து பார்ப்பார், ஆட்சேபம் எழுப்புவார். அலைச்சல்தான், இழுத்தடிப்புதான். ஆனாலும் இன்னொரு ஜோடிக் கண்கள் இருந்தன. 2024 ஜூலை 22 முதல் அந்த நிலை மாறிவிட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டும் குடியிருப்புக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் சுயசான்று கொடுத்து உடனடி அனுமதி பெறலாம். முன்கூட்டி மனையைப் பார்க்க யாரும் வருவதில்லை. கட்டி முடித்தபின் முடிவுச் சான்றும் கேட்பதில்லை.

நல்ல திட்டம்தான். நடையாய் நடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் இதன் மறுபக்கத்தை ஊரில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. சரிபார்க்கும் வேலை ஒழிந்துவிடவில்லை, உரிமையாளர் தலைக்கு மாறியிருக்கிறது. விதிப்படிதான் கட்டுகிறேன் என்று சான்று சொல்பவர் கொத்தனாரும் அல்ல, மச்சானும் அல்ல. துபாயில் இருக்கும் நீங்கள். தப்பான தகவல் என்று பின்னால் தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

அப்படியானால் விதி எங்கே இருக்கிறது? 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019' என்பதுதான் மூலநூல். அந்த ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிறகு பலமுறை திருத்தப்பட்டது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. முழுவதையும் படிக்க வேண்டாம். உங்கள் தெருவின் அகலம், மனையின் அகலம், கட்டப்போகும் உயரம் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, முன்னும் பக்கத்திலும் பின்னும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற அட்டவணையைப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய பழைய தெரு என்றால், அது தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று நகராட்சியில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பக்கத்தில் இடம் விடுவதா வேண்டாமா என்பதே அதைப் பொறுத்துத்தான். வாய்ப்பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை.

மனை விஷயத்தில் டெல்டாவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே புது மனை என்பது பெரும்பாலும் நேற்றைய நன்செய். விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் அதை ஒட்டிய 2017 விதிகளும் வழி சொல்கின்றன. 2020ல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஹைட்ரோகார்பன் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கான தடை. குடியிருக்க வீடு கட்டுவதைப் பற்றியதல்ல. மனையை வாங்குமுன் அதில் வில்லங்கம் உண்டா என்பதையும் பதிவுத்துறை தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம்.

இனி, புது வீட்டை விட எனக்குக் கவலை தரும் பழைய வீட்டுக்கு வருகிறேன்.

சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்தரம், மேலே செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். இந்த வீடுகளுக்குக் கான்கிரீட் தூண் கிடையாது, சுவரே சுமைதாங்கி. மகன் கல்யாணத்துக்கு மாடி எடுக்கிறோம், ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை உடைக்கிறோம் என்று இறங்கும்போது, எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று கணக்குப் போட ஒரு கட்டமைப்புப் பொறியாளர் தேவை. வெள்ளையடிப்பது, தரை மாற்றுவது வேறு. சுவரை எடுப்பது வேறு. இன்னொன்று, ஈரம் ஏறிய பழைய சுவரின் மேல் கெட்டியாகச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். இரண்டு மழைக்காலத்தில் உப்புப் பூத்து பூச்சு உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருத்தம். தெரிந்த ஆள் கிடைப்பதுதான் சிரமம்.

அடுத்தது, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது. ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டே தெரு உயர்ந்து, திண்ணை தாழ்ந்து, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிலைப்படி தாண்டுகிறது. பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புது ரோடு போட வேண்டும் என்று 2021ல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் ரோடு போட வரும்போது அந்த உத்தரவை எடுத்துக்காட்டி மனுக் கொடுங்கள். வீட்டைத் தூக்குவதை விட அது மலிவு. தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், அடிச்சுவரைப் பகுதி பகுதியாக அறுத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கிகளை வைத்துச் சிறுகச் சிறுக உயர்த்துவார்கள். எல்லா ஜாக்கியும் ஒரே அளவில் ஏற வேண்டும், பிசகினால் விரிசல். காரை உதிர்ந்த சுவரும், கோடையில் வெடித்து மழையில் ஊறும் நம் களிமண்ணும் இதற்கு எவ்வளவு தாங்கும் என்பதைத் தூக்க வருகிற குழுவே சொன்னால் போதாது. அவர்களிடம் சம்பளம் வாங்காத ஒரு பொறியாளர் சொல்ல வேண்டும். விரிசலுக்கு யார் பொறுப்பு என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

காற்றையும் மறக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், நம் பகுதியின் ஓட்டுக் கூரைகளையும் தகரக் கூரைகளையும் என்ன செய்தது என்பது உங்களுக்கே தெரியும். கடலிலிருந்து அவ்வளவு தள்ளியிருக்கும் திருச்சிக்கே இந்திய தர நிர்ணயம் 875 கட்டட வடிவமைப்புக்கு வைத்திருக்கும் காற்று வேகம் விநாடிக்கு 47 மீட்டர், மதுரைக்கு 39தான். மாடியில் தகரக் கொட்டகை போடுபவர்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. காற்று கூரையை அழுத்துவதை விட மேலே பிடுங்கவே பார்க்கும் என்பதால், சட்டத்தைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் என்று வெளியே நீட்டிய கூரை விளிம்புதான் முதலில் பறக்கும். மாடியில் சூரியத் தகடு பொருத்துபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வருகிறது, சரி. அந்தச் சட்டகத்தைப் பிடித்து நிற்கும் தளம் எப்படிப்பட்டது என்று மானியம் கேட்காது.

இந்திய தர நிர்ணய ஆவணங்களை இப்போது அந்த அமைப்பின் தளத்திலேயே இலவசமாகத் தரவிறக்கலாம். அவை பொறியாளர் மொழியில் இருக்கும். வீட்டுக்காரருக்கென்றே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிலநடுக்கம், புயல் பாதுகாப்புக்குப் படங்களோடு ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வாங்கிய வீட்டுக்கோ, அத்தா கட்டிய வீட்டுக்கோ அனுமதி வரைபடம் கையில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நகராட்சிக்கு ஒரு மனுப் போட்டு நகல் கேளுங்கள். கட்டியிருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிடாமல் பழைய வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த தவணைப் பணத்தை அனுப்புவதற்கு முன், உங்கள் பெயரில் பதிவேற்றிய சுயசான்றையும் வரைபடத்தையும் அனுப்பச் சொல்லி, நீங்களே ஒருமுறை படியுங்கள். அடுத்த வாரம், நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஊரில் செப்டிக் டேங்க்.