இறந்த சகோதரனின் இறைச்சி

திரைக்கலைஞர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டு விற்ற ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். அவ்வழக்கில் தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1947இல்தான் விடுதலையாயினர்.

புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் இறைச்சியை உண்பதற்கு ஒப்பிடுகிறது திருமறை (49:12). ‘உண்மையைத்தானே எழுதுகிறார்கள்?’ என்பர் சிலர். உள்ளதைக் கூறுவதே புறம். இல்லாததைக் கூறுவது அவதூறு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள்.

எழுதியவர் ஒருவர், காசு கொடுத்து வாங்கியவரோ பலர். சென்னீர்குப்பத்து முடிதிருத்தகத்தில் கிசுகிசுப் பக்கத்தைப் புரட்டும் கையும், அதைக் கைபேசியில் பிறருக்கு அனுப்பும் விரலும் அவ்விருந்தில் பங்கு கொள்கின்றன. பிறர் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான். ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் அப்பக்கத்தை மூடிவைப்போமாக!