சிறு ஹெலிகாப்டரின் நரம்புகள்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது முன்னோர் வாக்கு. தென்காசியில் வாழும் நமக்கு அக்காற்றின் வேகத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மலைக்கணவாய் வழியே புகுந்து வரும் அக்காற்றே குற்றாலத்திற்குச் சாரலையும் கொண்டு வருகிறது. இத்தகைய ஊரில், ரேடியோ அலைகளால் இயங்கும் ஒரு சிறு ஹெலிகாப்டரை நிலையாகப் பறக்க வைக்க எது தேவை? நல்ல மோட்டார், நல்ல இறக்கை என்று பலரும் விடை கூறுவர். அவையும் தேவையே. ஆனால் அதனுள் ஓடும் மெல்லிய ஒயர்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிடில் மற்றவை அனைத்தும் வீணே. இதனை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

சர்வோ என்பது யாது?

சர்வோ என்பது தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சிறு பெட்டி. அதனுள் ஒரு மோட்டார், சில பற்சக்கரங்கள், கை எந்த நிலையில் இருக்கிறது என்று அளக்கும் ஓர் உறுப்பு, ஒரு மின்சுற்று ஆகியவை உள்ளன. நாம் கையிலுள்ள கருவியின் குச்சியை அசைத்தால், ஹெலிகாப்டரில் உள்ள ரிசீவர் அக்கட்டளையைப் பெற்றுச் சர்வோவுக்கு அனுப்புகிறது. சர்வோவின் கை அதற்கேற்பத் திரும்புகிறது.

இக்கால மாதிரி ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் நான்கு சர்வோக்கள் இருக்கும். மூன்று சர்வோக்கள் சேர்ந்து, தலைக்கு மேல் சுழலும் இறக்கைகளின் சாய்வை மாற்றுகின்றன. மேலே எழுவதும் முன்னே செல்வதும் பக்கவாட்டில் சாய்வதும் இவற்றின் வேலையே. நான்காவது சர்வோ வால் இறக்கையைக் கவனிக்கிறது. இவற்றுள் ஒன்று நின்றாலும் ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டை இழந்துவிடும்.

மூன்று ஒயர்கள்

ஒவ்வொரு சர்வோவிலிருந்தும் மூன்று ஒயர்கள் வருகின்றன. கறுப்பு அல்லது பழுப்பு நிற ஒயர் மின்கலத்தின் எதிர்முனைக்கு உரியது. சிவப்பு ஒயர் நேர்முனைக்கு உரியது. வெள்ளை, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற ஒயர் கட்டளையைக் கொண்டு செல்கிறது. அக்கட்டளை மிகக் குறுகிய மின்துடிப்பு வடிவில் செல்கிறது. சாதாரண சர்வோவுக்கு நொடிக்கு 50 துடிப்புகள் செல்லும். ஒரு துடிப்பு 1.5 மில்லிநொடி நீடித்தால் கை நடுவில் நிற்கும். 1 மில்லிநொடியானால் ஒரு பக்கமும், 2 மில்லிநொடியானால் மறுபக்கமும் திரும்பும்.

எம்முறை சிறந்தது?

ஒயர் இணைப்பில் இரண்டு முறைகள் உள்ளன. முதல் முறையில் ஒவ்வொரு சர்வோவுக்கும் தனித்தனி ஒயர் செல்கிறது. ஒயர்கள் அதிகம், ஆனால் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு சர்வோ அசையாவிட்டால், அதன் பிளக்கை வேறோர் இடத்தில் செருகிப் பார்க்கலாம். அங்கும் அசையாவிட்டால் பழுது சர்வோவில் அல்லது அதன் ஒயரில் உள்ளது. அங்கே அசைந்தால் பழுது முதல் இடத்தில் உள்ளது.

இரண்டாவது முறையில் எல்லாக் கட்டளைகளும் ஒரே ஒயரில் வரிசையாகச் செல்கின்றன. ஜப்பானிய நிறுவனமான ஃபுட்டாபாவின் எஸ்.பஸ் இவ்வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு சர்வோவும் தனக்குரிய எண்ணைக் கொண்ட கட்டளையை மட்டும் ஏற்கிறது. ஒயர்கள் குறையும், எடையும் குறையும். ஆனால் அந்தப் பொது ஒயர் அறுந்தால் எல்லாச் சர்வோக்களும் ஒருங்கே நின்றுவிடும். ஆகவே முதன்முதல் ஹெலிகாப்டர் செய்யும் மாணவியருக்குத் தனித்தனி ஒயர் முறையே ஏற்றது என்பது எங்கள் கருத்து.

மின்னழுத்தத்தில் கவனம்

நம் பாடத்தில் படித்த ஓம் விதி இங்கே பயன்படுகிறது. நான்கு சர்வோக்களும் ஒரே கணத்தில் முழு வலிமையுடன் இயங்க 8 ஆம்பியர் தேவை என்று கொள்வோம். மின்சாரம் வரும் ஒயர், பிளக் இவற்றின் மின்தடை 0.1 ஓம் எனில், 8 × 0.1 = 0.8 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். 5 வோல்ட் புறப்பட்டால் 4.2 வோல்ட்தான் சேரும். மேலும் குறைந்தால் ரிசீவர் ஒரு கணம் செயலற்றுப் போகலாம். வானில் அந்த ஒரு கணம் போதும், ஹெலிகாப்டர் தரையில் விழ! அதே போன்ற இரண்டு ஒயர்களைப் பக்க இணைப்பில் பூட்டினால் மின்தடை பாதியாகும்; இழப்பும் 0.4 வோல்ட் ஆகும். எனவே மின்சாரம் வரும் ஒயர் தடித்ததாகவும், இயன்றால் இரட்டையாகவும் இருத்தல் நலம். 6 வோல்ட் சர்வோவுக்கு 8.4 வோல்ட் தரும் மின்கலத்தை நேரே இணைப்பதும் ஆகாது.

ஹெலிகாப்டர் ஓயாமல் அதிரும் இயந்திரம். ஒயர் சட்டத்தின் கூரிய விளிம்பில் உரசினால் அதன் உறை தேய்ந்துவிடும். அவ்விடங்களில் மேலுறை இட வேண்டும். ஒயரை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் சிறிது தளர்வு விட வேண்டும். சாரல் காலத்தில் பிளக்கின் முனைகளில் ஈரம் படிந்து துரு ஏறும். ஆகையால் அடிக்கடி கழற்றிப் பார்த்துத் துடைக்க வேண்டும்.

செவ்வாயில் ஒரு பாடம்

2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளில் 'இன்ஜெனுயிட்டி' என்ற சிறு ஹெலிகாப்டர் முதன்முதலாகப் பறந்தது. அதன் தலைமைப் பொறியாளராக இருந்த பாப் பாலாராம், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர் என்பது நமக்குப் பெருமை. அதில் ஆறு சர்வோக்கள் இருந்தன. 2021 செப்டம்பரில், பறக்கும் முன் தானே செய்துகொள்ளும் சோதனையில் இரண்டு சர்வோக்களின் அசைவு சரியில்லை என்று கண்டது. உடனே தன் பயணத்தைத் தானே நிறுத்திக்கொண்டது! பின்னர் அக்டோபர் 24 அன்று நலமே பறந்தது. 2024 ஜனவரி வரை மொத்தம் 72 முறை பறந்தது. அன்று சோதிக்காமல் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மனிதக் கை எட்டாத இடத்தில் செய்யப்பட்ட சோதனையை, கையருகே உள்ள ஹெலிகாப்டருக்கு நாம் செய்யாமல் விடலாமா? சுழலும் இறக்கை கத்தியை ஒத்தது. அருகில் நிற்பவர் நம் தங்கையாகவும் இருக்கலாம். ஆகவே பெரிய மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சர்வோவையும் அசைத்து, ஒவ்வொரு பிளக்கையும் மெல்ல இழுத்துப் பார்த்த பின்னரே பறக்க விடுவோம். மக்கள் கூடும் அருவிக்கரைகளைத் தவிர்த்து, பெரியோர் துணையுடன் திறந்த வெளியில் பறக்க விடுவோம். மெல்லிய ஒயர்தானே என்று எதையும் அலட்சியம் செய்யாதிருப்போம் தோழியரே!