அட்டை அட்டையாக ‘நாட்டு முட்டை’! கோழி எங்கே?

திருவிடந்தை:

நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டு சென்னைக்குத் திரும்பும் கார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் ஒரு கடை முன்னால் நிற்கின்றன. ‘சுத்தமான நாட்டுக்கோழி முட்டை’ என்று போர்டு. அட்டைக்கு 30 வீதம் பத்து அட்டை. எல்லாம் ஒரே அளவு, ஒரே காவி நிறம். விலை வெள்ளை முட்டையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

“தினம் எவ்வளவு போகும்?” என்று கேட்டேன்.

“பத்து அட்டையும் சாயங்காலத்துக்குள்ள காலி சார்” என்றார் கடைக்காரர், பெருமையாக.

கணக்கு இடிக்கிறது!

புழக்கடையில் மேயும் நாட்டுக்கோழி 10, 15 முட்டை போட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். வருஷத்துக்கு 60, 80 தேறினால் பெரிசு. தினம் 300 முட்டை வேண்டுமென்றால் 1,300 கோழிக்குக் குறையாமல் வேண்டும். அத்தனை கோழி இந்த ஊரில் மேய்ந்தால் சந்நிதித் தெருவில் கால் வைக்க முடியுமா?

“வெளியூர்லேருந்து லோடு வருது சார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் கடைக்காரர். போலீஸ் ஸ்டேஷனில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட பதில்தான்!

ஓட்டின் நிறம் கோழி ஜாதியைப் பொறுத்தது. காவி முட்டை போடும் கலப்பினக் கோழியையும் கூண்டில் அடைத்து வளர்க்கலாம். கரு செக்கச்செவேல் என்றிருந்தால் அது தீனியின் வேலை. வெள்ளை முட்டையை டீ டிகாஷனில் முக்கி விற்ற பித்தலாட்டமும் தமிழ்நாட்டில் பிடிபட்டிருக்கிறது.

அந்த வெள்ளை முட்டை?

பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துக் கூண்டுக்கோழி. வருஷத்துக்கு 300 முட்டை. புரதத்தில் மட்டமில்லை, சத்துணவில் பிள்ளைகள் சாப்பிடுவதும் இதைத்தான். ஆனால் கோழியின் பாடு பாவம். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஜெராக்ஸ் தாளைவிடச் சின்னது. இறக்கையை விரிக்க முடியாது. 2017-ல் சட்ட ஆணையமே இந்தக் கூண்டுக்கு எதிராக அறிக்கை கொடுத்தது. கூண்டு இன்னும் போகவில்லை.

‘ஆர்கானிக்’ என்றால் கோழித் தீனியும் ரசாயனம் போடாமல் விளைந்ததாக இருக்க வேண்டும். பெட்டியில் ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

தாய்மார்களே, உஷார்!

காசு போனால் போகட்டும். வயசுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டு முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயோடு கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அதற்காகத்தான் தாய்மார்கள் கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள். எந்த ஊர், எத்தனை நாள் என்று தெரியாத முட்டையைப் பச்சையாகக் கொடுத்தால் சால்மோனெல்லா கிருமி வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். அசல் நாட்டு முட்டையிலும் அந்தக் கிருமி இருக்கலாம். வேகவைத்தே கொடுங்கள்!

அசல் கிடைத்தது. கோயிலுக்குப் பின்பக்கம், ஒரு பாட்டி வீட்டில். நாலே நாலு. ஒன்று வெள்ளை, இரண்டு சந்தன நிறம், ஒன்று காவி. எல்லாம் பொடிசு.

“இன்னும் இருக்கா ஆயா?”

“மத்ததெல்லாம் அடைக்கு வச்சிட்டேன் தம்பி. கோழி குஞ்சை விட்டுட்டு மறுபடி முட்டை போட ரெண்டு மூணு மாசம் ஆவும். அப்புறமா வா.”