வெட்ட வெட்டத் துளிர்க்கும் லிண்டன்

போலந்தின் கிராக்கோ நகரில், புனித மரியாள் தேவாலயத்தின் பலிபீடத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். வைட் ஸ்டோஸ் என்ற சிற்பி 1477இல் தொடங்கி 1489இல் முடித்த வேலை அது. சட்டகத்துக்கு ஓக் மரம், உருவங்களுக்கு லிண்டன். ஆளைவிட உயரமாக நிற்கும் அப்போஸ்தலர்களின் கைகளில் நரம்பு புடைத்திருக்கிறது, தாடிமயிர் சுருள் சுருளாகப் பிரிகிறது. அதில் பாதிப் பெருமை மரத்துக்கும் உரியது. லிண்டன் கட்டை மென்மையானது. அதன் ரேகை சீராக ஓடும். எந்தப் பக்கம் உளி வைத்தாலும் எளிதில் சிராய் பெயராது. காயும்போது சுருங்கி வெடிக்கும் என்பது ஒன்றுதான் குறை. அதற்காகவே அக்காலச் சிற்பிகள் பெரிய உருவங்களின் முதுகுப்புறத்தைக் குடைந்து கூடாக்கினார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்யாவின் மத்ரியோஷ்கா பொம்மைகளையும் பெரும்பாலும் இதே மரத்தில்தான் கடைகிறார்கள்.

ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகியவற்றின் குளிர்நாடுகளில் வளரும் லிண்டன், குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குவது. நமக்கு அது முற்றிலும் அந்நியமும் இல்லை. பருத்தி, வெண்டை, பூவரசு, சணல் எல்லாம் அதன் குடும்பம். சணலோடு உள்ள உறவு நாரில் தெரியும். கோடையின் தொடக்கத்தில், சாறு ஏறியிருக்கும்போது பட்டையை உரித்து, வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டால் உட்பட்டை ஏடு ஏடாகப் பிரியும். அதைத் திரித்துக் கயிறாக்கினார்கள். ரஷ்ய உழவர்கள் லாப்தி என்னும் செருப்பாகப் பின்னினார்கள். 1991இல் ஆல்ப்ஸ் பனிக்குள் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டு பழைய ‘ஓட்ஸி’ மனிதனின் கத்தியுறையும் லிண்டன் நாரில் பின்னியதுதான்.

வளர்க்கப் பொறுமை வேண்டும். விதையின் ஓடு கடினம். உள்ளே கருவும் உறங்கும். ஈரமான வெதுவெதுப்பில் சில மாதம், பிறகு ஈரக் குளிரில் சில மாதம் கிடந்தால்தான் விழிக்கும். பல விதைகள் முதல் வசந்தத்தைக் கோட்டைவிட்டு, இரண்டாம் வசந்தத்தில்தான் முளைக்கும். ஆகவே நாற்றங்கால்காரர்கள் பலர், அடியில் கிளைக்கும் தளிர்களைச் சுற்றி மண் அணைத்துப் பதியம் போடுகிறார்கள்.

இங்கிலாந்தின் வடபகுதியில் விதையையே நம்ப முடிவதில்லை. தாவரவியலாளர் டொனால்ட் பிகட் இதை ஆராய்ந்தார். அங்கே கோடை குளிர்ச்சியாக இருப்பதால், மகரந்தக் குழாய் வளர்ந்து சூலை எட்டுவதற்குள் பூவின் காலம் முடிந்துவிடுகிறது. அப்படியானால் அந்தக் காடுகளில் லிண்டன் எப்படி நிலைத்தது? அடிமரத்தை வெட்டினால் கட்டையைச் சுற்றிப் புதுத் தளிர்கள் கிளம்பும். வயதான மரம் சாய்ந்தாலும் அடியிலிருந்து தழைக்கும். குளோஸ்டர்ஷயரின் வெஸ்டன்பர்ட் மரத்தோட்டத்தில் தோப்புபோல வளையமாக நிற்பது உண்மையில் ஒரே மரம். வயது சுமார் 2,000 ஆண்டு என மதிக்கிறார்கள். தலைமுறைக்கொருமுறை வெட்டப்பட்டும் அது சாகவில்லை. வெட்டியதால்தான் இத்தனை காலம் வாழ்ந்தது என்றே நான் சொல்வேன்.

ஜூன், ஜூலையில் பூக்கும். வெளிர்மஞ்சள் பூங்கொத்து ஒவ்வொன்றோடும் இலைபோன்ற மெல்லிய மடல் ஒன்று ஒட்டியிருக்கும். மொட்டுகள் விரியத் தொடங்கியதும் மடலோடு பறித்து, வெயில் படாமல் உலர்த்தினால் தேநீருக்கு ஆயிற்று. பிரான்சில் தில்யோல் என்று பெயர் சொல்லிக் குடிக்கும் பானம் இதுதான். சளிக்கும் இலேசான மனஅழுத்தத்துக்கும் உரிய மரபு மருந்தாக ஐரோப்பிய மருந்து முகமை இதை ஏற்றிருக்கிறது. மருத்துவப் பரிசோதனை முடிவுகளால் அல்ல, நெடுங்காலப் பழக்கத்தின் அடிப்படையில். இந்தப் பூவின் தேனுக்குப் புதினாவை நினைவூட்டும் ஒரு குளிர்ந்த வாசம் உண்டு. ரஷ்யாவின் பஷ்கீரியா அதற்குப் பேர்போனது.

பூவுக்குத் தேனீ வருவதுபோல இலைக்கு அசுவினி வரும். அது சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீர், கீழே நிற்கும் கார்களில் பிசுபிசுவென்று படியும். நகரவாசிகளுக்கு இது எரிச்சல்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வில்சன்வில் நகரில், ஒரு வாகன நிறுத்துமிடத்து லிண்டன்களுக்கு 2013 ஜூனில், பூத்திருந்த வேளையிலேயே, டைனோடெஃபுரான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். சுமார் 50,000 பம்பிள் தேனீக்கள் மரத்தடியில் செத்து விழுந்தன. மேலும் சாகாமலிருக்க மரங்களுக்கு வலை போர்த்த வேண்டியதாயிற்று. கார் அழுக்கைக் கழுவிக்கொள்ளலாம். அதற்காக இந்த விலையா? அசுவினியே பிடிக்காதவர்கள், அது அதிகம் அண்டாத வெள்ளி லிண்டனை நடலாம். இலையின் அடியில் வெண்ரோமம் அடர்ந்த இனம் அது.

2015இல் ஓரிகன் அரசு டைனோடெஃபுரான் உள்ளிட்ட நான்கு நியோநிகோட்டினாய்டு மருந்துகளை லிண்டன் மரத்துக்குப் பயன்படுத்தவே தடை விதித்தது. தெளிப்பதற்கு மட்டுமல்ல, வேரில் ஊற்றவும் அடிமரத்தில் ஊசியாகச் செலுத்தவும் கூடாது. எந்த வழியில் கொடுத்தாலும் சாற்றோடு ஏறித் தேனில் கலப்பவை அந்த மருந்துகள்.